டேபிளை மறைத்தோம், எஸ்க்யூஎல்லை மறந்துவிட்டோம்

சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் இருந்தபடி ஒரு மருத்துவமனையின் ஆரக்கிள் டேட்டாபேஸைக் கவனித்துக்கொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது. பதிவு கவுன்டரில் திரை நகரவே இல்லை, வரிசை வாசல் வரை வந்துவிட்டது என்றார்கள். இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் முதலில் போய்ப் பார்ப்பது, டேட்டாபேஸுக்கு வந்த எஸ்க்யூஎல் வாக்கியங்களை, அதாவது அதற்கு அனுப்பும் கட்டளைகளைப் பட்டியலாகக் காட்டும் வி$எஸ்க்யூஎல் என்ற வியூவை. அன்று அதில் ஒரே செலக்ட் (டேட்டாவைத் தேடி எடுக்கும் கட்டளை) ஆயிரக்கணக்கான வரிகளாகக் கிடந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் மொபைல் எண், சிலவற்றில் பெயரும் நோயும்கூட அப்படியே. வேகப் பிரச்சினை எனக்கு ஒரு நிமிடம் மறந்தே போனது.

ஆரக்கிளுக்குப் போகும் எஸ்க்யூஎல் பார்ஸ் ஆனதும், அதாவது படித்துப் பிரித்து ஓடத் தயாரானதும், ஷேர்டு பூல் என்ற நினைவகப் பகுதியில் தங்கிவிடும், அதே வாக்கியம் மறுபடி வந்தால் முதலிலிருந்து பார்ஸ் செய்ய வேண்டாமே என்பதற்காக. அங்கே இருப்பதைக் காட்டும் ஜன்னல்தான் வி$எஸ்க்யூஎல்: எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் பிடித்தது, முழு வாசகம் என்ன, எல்லாம் தெரியும். மொபைல் எண்ணை எஸ்க்யூஎல் ஸ்டிரிங்கிலேயே ஒட்டி அனுப்பினால் ஒவ்வொரு எண்ணுக்கும் அது புது வாக்கியம், முதலிலிருந்து முழுதாக ஒரு பார்ஸ் (ஹார்டு பார்ஸ்). கவுன்டர் நின்றதும் அதனால்தான்.

அந்த புரோகிராமை எழுதிய பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அண்ணா, பேஷன்ட் டேபிளுக்கு யாருக்குமே பர்மிஷன் கிடையாதே!” என்றான். “தம்பி, இதைப் பார்க்க அந்த டேபிள் பர்மிஷனே வேண்டாம்” என்றேன். டேட்டாபேஸின் உள் விவரங்களைப் பார்க்க விடும் செலக்ட் கேட்டலாக் ரோல் என்ற உரிமை இருந்தால் போதும். அந்த ரோலை மானிட்டரிங் டூலுக்கும் சப்போர்ட் ஆட்களுக்கும் கேட்ட உடனே தூக்கிக் கொடுக்கிறோம், நானும் கொடுத்திருக்கிறேன்.

ஷேர்டு பூலில் இருப்பதாவது இடம் போதாதபோது வெளியேறிவிடும், ரீஸ்டார்ட் செய்தால் மொத்தமும் போய்விடும். ஏடபிள்யூஆர் என்ற, ஆரக்கிளின் வேகக் கணக்குகளைச் சேமித்து வைக்கும் வசதி அப்படி இல்லை. டயக்னாஸ்டிக்ஸ் பேக் லைசென்ஸ் வாங்கிய இடங்களில் அது மணிக்கு ஒரு முறை, அதிகம் செலவு வைத்த எஸ்க்யூஎல்களைப் பிடித்து டிஸ்கிலேயே எழுதி வைக்கும், வழக்கமான அமைப்பில் 8 நாள். டெஸ்ட்டுக்காக புரொடக்‌ஷனை குளோன் (நகல்) செய்யும்போது அதுவும் கூடவே வரும். டேபிளில் பெயரையும் எண்ணையும் கவனமாக மாஸ்க் செய்து மறைத்துவிட்டு, ஏடபிள்யூஆர் பிடித்த வாசகங்கள் இருக்கும் டிபிஏ_ஹிஸ்ட்_எஸ்க்யூஎல்டெக்ஸ்ட்டைத் திறந்து பார்க்காத டீம்கள்தான் அதிகம். அப்புறம் அந்த ஏடபிள்யூஆர் ரிப்போர்ட், அதில் எஸ்க்யூஎல்களின் முழு வாசகமும் இருக்கும், அதை யோசிக்காமல் வெண்டருக்கு மெயிலில் அனுப்புகிறோம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸை வைத்திருப்பவர்கள், எங்கள் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் வியூ மதிப்புகளை எடுத்துவிட்டு $1 என்று போடுகிறதே என்பார்கள். சரி. ஆனால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி அப்படிச் செய்வதில்லை, வந்த வாக்கியத்தை அப்படியே காட்டும். பாஸ்வேர்டை மாற்ற ஆல்ட்டர் ரோல் என்று பாஸ்வேர்டோடு அடித்தால் அந்தப் பாஸ்வேர்டும் தெரியும்.

உங்கள் ஆரக்கிளில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். வி$எஸ்க்யூஎல்லில் ஃபோர்ஸ்_மேட்சிங்_சிக்னேச்சர் என்று ஒரு நெடுவரிசை (column) உண்டு, மதிப்பு மட்டும் வேறாக இருக்கும் வாக்கியங்களுக்கு அது ஒன்றாகவே இருக்கும். அதை வைத்து குரூப் பை போட்டு எண்ணுங்கள், ஆயிரத்தைத் தாண்டுவதை எடுத்துப் படியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன செலவு, அதனால் ஏடபிள்யூஆரின் டாப் லிஸ்டில் இவை சிக்காமலே போகலாம்.

நாங்கள் அன்று, மதிப்பு மட்டும் மாறும் வாக்கியங்களை ஒன்றாகவே நடத்த வைக்கும் கர்சர்_ஷேரிங் அமைப்பை ஃபோர்ஸ் ஆக்கி கவுன்டரை ஓட வைத்தோம், பிறகு புரோகிராமை, மதிப்பை வாக்கியத்தில் ஒட்டாமல் தனியாக அனுப்பும் பைண்ட் வேரியபிளுக்கு மாற்றினோம். அதோடும் முடியவில்லை. வி$எஸ்க்யூஎல்_பைண்ட்_கேப்சர் என்ற இன்னொரு வியூ, வாக்கியத்தில் நிபந்தனை சொல்லும் வேர் (WHERE) பகுதியில் வரும் பைண்ட் மதிப்புகளை அவ்வப்போது மாதிரிக்கு எடுத்து வைக்கும், அதையும் அதே ரோல் வைத்திருப்பவர்கள் பார்க்கலாம். அதனால் ரோல் வைத்திருந்த 11 அக்கவுன்ட்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவரிடமும் எதற்கு என்று கேட்டோம். 3 பேருக்கு மட்டும் விட்டுவைத்தோம்.