ஆடும் நாற்காலிக்கு ஆணி மருந்தல்ல

போன வாரமும் ஒன்று வந்தது. தக்கலைப் பக்கத்து வீடு, பாட்டா காலத்து ஈட்டி மர நாற்காலி, பிரம்புப் பின்னல். "கொஞ்சம் ஆடிச்சு ஆசாரி, நாங்களே நாலு ஆணி அடிச்சோம்" என்றார் அந்த அக்கா. நாலு ஆணியும் பின்காலைப் பாதிவரை பிளந்துவிட்டன. அதில் உட்கார்ந்த மாமியார் விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார். இந்த மழைக்காலத்தில் மட்டும் எனக்கு இது ஐந்தாவது நாற்காலி.

ஆணியும் ஸ்குரூவும் போட்டால்தான் பலம் என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ! கால்களை இணைக்கும் சட்டத்தின் முனையில் ஸ்குரூ ஏற்றினால் அது மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இறங்குகிறது. புரி கடிக்க அங்கே குறுக்கு நார் கிடையாது, துண்டுபட்ட நார்தான். நாலு தடவை ஆள் சாய்ந்து எழுந்தால் பொடியாக உதிரும். ஆணி கதையும் அதேதான். நம்மூரில் இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் மரம் ஈரம் குடித்து உப்பும், பங்குனியில் சுருங்கும். இரும்பு அப்படி உப்பாது, சுருங்காது. வருடத்துக்கு வருடம் ஓட்டை பெரிதாகும், துரு வேறு மரத்தைக் கருக்கும். பிறகு "இன்னும் ஒரு ஆணி" என்று அதே காலில் அடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனை நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே போனால் தூணும் உத்திரமும் ஒன்றையொன்று எப்படிக் கவ்வியிருக்கின்றன என்று நின்று பாருங்கள். நாற்காலிக்கும் அதுதான் வேலை. சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கினால் அது கழுந்து; அது நுழைய, காலில் உளியால் எடுத்த துளை. கழுந்தின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. கையால் தள்ளினால் பாதி போக வேண்டும், மிச்சம் கொட்டாப்புளியின், அதாவது மரச் சுத்தியலின், நாலு தட்டில் இறங்க வேண்டும். தானாக விழுந்தால் தளர்வு. ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளக்கும்.

பழைய பாணி நாற்காலியில் ஆசாரியின் கை தயங்கி நிற்கும் இடம் பின்கால்தான். உட்காரும் இடம் முன்னால் அகலம், பின்னால் குறுகல். முன்னே 18 அங்குலம், பின்னே 15, ஆழம் 16 என்றால் பக்கச் சட்டம் ஐந்து டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து காலில் நுழையும். அந்தச் சாய்வைக் கழுந்தின் தோளில், அதாவது காலில் வந்து முட்டும் படியில், வெட்டாமல் மூலைமட்டத்தை வைத்து நேராக அறுத்து, இடைவெளியில் பசையை ஊற்றி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். பசை இடைவெளியை நிரப்புமே தவிர, பாரம் தாங்காது. நாம் சாயும்போது பாரம் முழுவதும் வந்து விழுவது அந்த மூட்டில்தான்.

அந்த மூட்டை இறுக்குவதற்கு இரும்பு அல்ல, மர ஆணி. காலில் ஓட்டை போட்டு, கழுந்தை நுழைத்து அடையாளம் வைத்து, வெளியே எடுத்து, கழுந்தின் ஓட்டையை மட்டும் தோள் பக்கமாக ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்திப் போடுவேன். பிறகு நன்றாகக் காய்ந்த ஆணியை அடித்தால், வளைந்து போகிற அந்த ஆணியே கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். அப்போது தோள் காலில் உட்காருகிற சத்தம் மாறுவது காதுக்கே தெரியும். ஆணியை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, நார் வழியே பிளந்து செதுக்க வேண்டும். அறுத்தால் நார் குறுக்கே ஓடி, வளையும் இடத்தில் ஒடிந்துவிடும்.

புதிதாக வாங்குகிறவர்களே, பாலிஷைப் பார்த்து மயங்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மூட்டில் ஸ்குரூ தலை தெரிந்தாலோ தோள் ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தாலோ, பழைய பாணி என்று அதிக விலை கொடுக்காதீர்கள்.

வீட்டில் இருப்பதைப் பின்காலில் நிறுத்திச் சாயாதீர்கள், பிள்ளைகளையும் சாய விடாதீர்கள். முதுகைப் பிடித்து இழுக்காமல், உட்காரும் சட்டத்தில் கை கொடுத்துத் தூக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் முதலில் சமதளத்தில் வைத்து, தரை சரியில்லையா மூட்டு தளர்ந்ததா என்று பாருங்கள். மூட்டு என்றால் அன்றோடு உட்காருவதை நிறுத்துங்கள், முக்கியமாக வயதானவர்களை உட்கார வைக்காதீர்கள்.

உடைந்த கழுந்துத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள்; சிறு சிராய் ஆனாலும் அதை வைத்துத்தான் அளவு எடுக்கிறேன். நீங்களே புதுப் பசை ஊற்ற வேண்டாம், பழைய பசை மேல் அது பிடிக்காது, எனக்குச் சுரண்டும் வேலைதான் இரட்டிப்பாகும். எல்லாத் துண்டையும் ஒரு சாக்கில் போட்டு, மழையில் நனையாமல் கொண்டு வாருங்கள்.