ஊசி போட்ட இடம் ஏன் சிவக்கிறது?

"நான்கு வயது மகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். மறுநாள் அந்த இடம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து, தொட்டால் சுடுகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?" ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பயப்பட வேண்டாம். அந்த ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸின் புரதத் துணுக்குகள். அதனால் காய்ச்சலைத் தொற்றவைக்க முடியாது. ஆனால் திசுக்களில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்கு அது அந்நியச் சரக்கு. உடனே வேதிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சிவப்பும் சூடும் அதனால்தான். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, வீங்குகிறது. பள்ளியில் படித்ததுதான்.

என்னை மயக்குவது அடுத்த கட்டம். பாய்ந்தோடும் ரத்தத்தில் அடித்துப் போகும் வெள்ளையணு, சரியாக அந்த இடத்தில் எப்படி இறங்குகிறது? சமிக்ஞை கிடைத்த குழாய்ச் சுவர், செலெக்டின் என்ற புரதக் கொக்கிகளை உள்பக்கம் நீட்டுகிறது. வெள்ளையணு அதில் ஒட்டும், பிய்த்துக்கொள்ளும், அடுத்ததில் ஒட்டும். இப்படியே சுவரோரமாக உருண்டு வேகம் குறைகிறது, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் கூடவே நாலடி ஓடி நிற்பதைப் போல. அப்புறம் இன்டெக்ரின் என்ற வலுவான பிடி. நின்றதும் உடம்பைச் சப்பையாக்கி, இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைந்து வெளியே வந்துவிடுகிறது!

உடலின் இந்தப் படையெடுப்பை 1882-இல் இத்தாலியின் மெசினாவில் பார்த்தவர் இலியா மெச்னிகோவ் என்ற விலங்கியல் அறிஞர். நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியில் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908-இல் நோபல் பரிசு பெற்றார். மீனுக்கு முள் குத்திப் பார்க்க இன்று யார் பணம் ஒதுக்குவார்கள்? ஒதுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

சரி, குழந்தைக்கு வருவோம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். ஈரத்துணி போதும், சுண்ணாம்போ தைலமோ போட்டுத் தேய்க்காதீர்கள். சிவக்காத குழந்தைக்கும் ஊசி வேலை செய்யும்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பதும், உதடு வீங்குவதும், மூச்சு இழுப்பதும் வேறு கதை. அது மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை ஒரேயடியாகக் கொட்டும் ஒவ்வாமை. மிக அரிது, ஆனால் ஆபத்தானது. அதற்கு உடனே அட்ரினலின் போட வேண்டும். பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று நர்ஸ் சொல்வது அதற்காகத்தான்.