வாடகை ஒழுங்காக வருகிறது, ஒப்பந்தம்தான் மீறப்படுகிறது: வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

"வாடகையெல்லாம் அஞ்சாம் தேதி கரெக்டா வந்துடும் சார், ஆனா..." என்று தொடங்கும் வீட்டு உரிமையாளர்கள் என் அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறார்கள். குடித்தனக்காரர்கள் கேட்காமல் உள்வாடகைக்கு விட்டிருப்பார்கள். குடியிருக்க எடுத்த வீட்டில் தொழில் நடக்கும். பால்கனியைத் தகரம் போட்டு அடைத்திருப்பார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் வருகிறவர்களில் பலர் அதற்குள் மோட்டாரை நிறுத்தியிருப்பார்கள், ஃபியூஸைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது குடித்தனக்காரர் ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றியிருப்பார்கள்.

இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20-வது பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. படிக்கட்டு விளக்கும் லிஃப்டும்கூட இதில் அடங்கும். பூட்டை மாற்றினால், 1963-ம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி, வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது. தவறு செய்தவர் குடித்தனக்காரராக இருக்க, பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பத்திர எழுத்தர் கொடுத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டவர்கள், தாங்கள் தடுக்க நினைக்கும் விஷயம் அதில் இருக்கிறதா என்றே பார்ப்பதில்லை. உறவினர் வந்து நாலு நாள் தங்குவதும், மீன் குழம்பு வாசனையும் ஒப்பந்த மீறல் அல்ல. மீறல் என்றால் எந்த ஷரத்து என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

அடுத்தது நோட்டீஸ். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நோட்டீஸ் என்று என்னிடம் போட்டுக் காட்டியவர்கள் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 114A பிரிவு கேட்பது இரண்டே: என்ன மீறல் என்று குறிப்பாக எழுத வேண்டும், சரிசெய்யக்கூடியது என்றால் சரிசெய்யச் சொல்லி நியாயமான அவகாசம் தர வேண்டும். வீட்டைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று 2017 சட்டப்படி காலி செய்யக் கேட்பதற்கும், முதலில் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

கோவையில் ஒரு மாடி வீடு. குடிவந்தவர் இட்லி மாவு வியாபாரம் தொடங்கிவிட்டார். விடியற்காலை நாலு மணிக்குப் பெரிய டில்டிங் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும், கீழ் வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கும். உரிமையாளர் எழுதி வந்த கடிதத்தில் 'தொந்தரவு தாங்க முடியவில்லை, காலி செய்யவும்' என்று மட்டும் இருந்தது. அதை மாற்றி எழுதினோம்: 'ஒப்பந்தத்தின் 6-வது ஷரத்துப்படி மாடி குடியிருப்புக்கு மட்டுமே. அங்கே விற்பனைக்கு மாவு அரைக்கப்படுகிறது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. 15 நாட்களுக்குள் இயந்திரங்களை அகற்றிச் சுவரைச் சரிசெய்து தரவும்.' மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதையும் சேர்த்தோம். வீட்டு இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கலாம், அந்தச் சிக்கல் உரிமையாளர் தலையிலும் விடியும். கடிதம் ஒப்புகை அட்டையுடன் தபாலில் போனது. கிரைண்டர் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு மாறியது, குடும்பம் அதே வீட்டில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

உள்வாடகை வேறு கதை. எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் வீட்டை ஒப்படைப்பதே காலி செய்யக் கேட்கக் காரணமாகும். சரிசெய்ய அவகாசம் தரும் 114A இதற்குப் பொருந்தாது.

இன்னொரு பெரிய ஓட்டை, தெரிந்தும் பேசாமல் வாடகை வாங்குவது. மீறல் தெரிந்த பிறகும் அடுத்தடுத்த வாடகையை வாங்கினால், அதைக் காரணம் காட்டிக் காலி செய்யக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள சொத்து மாற்றுச் சட்டத்தின் 112-வது பிரிவு இடம் தருகிறது. வாடகையே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மீறலை நான் ஏற்கவில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு வாங்குங்கள். ரெண்டு வருடம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று நோட்டீஸ் விட்டால், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

அவகாசம் முடிந்தும் மாறவில்லை என்றால் வாடகை நீதிமன்றம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யாமல் வைத்திருப்பவர்கள் இங்கே வந்துதான் திணறுகிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தம்தானே என்ற சமாதானம் 2017 சட்டத்தில் எடுபடாது.

நோட்டீஸ் வாங்கிய குடித்தனக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதை மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். மீறல் உண்மை என்றால் கொடுத்த நாளுக்குள் சரிசெய்து, படம் எடுத்து, இன்ன தேதியில் சரிசெய்துவிட்டேன் என்று பதில் எழுதுங்கள். உண்மை இல்லை என்றால் அதையும் எழுத்தில் மறுத்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.