காந்த சார்ஜருக்குத் தமிழில் என்ன பெயர்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கைப்பேசிக் கடை. தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகியே தமிழ் கற்றுக்கொண்ட சீனர் ஒருவர் நடத்துகிறார். கடை முதலாளியை இங்கே 'தவ்கே' என்போம். போன மாதம் என் போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்துவிட்டு அங்கே நின்றிருந்தேன். ஓர் அம்மா வந்தார். "தவ்கே, அந்த ஒட்டு சார்ஜர் இருக்கா?"

தவ்கே ஒரு நொடி யோசித்தார். பிறகு வட்டமாக, காப்பிக் கோப்பையின் தட்டைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அம்மா தன் போனைக் கிட்டே கொண்டுபோனார். 'டக்' என்று பிடித்துக்கொண்டது. "ஆமா, இதான். மகன் வீட்ல பார்த்தேன்."

பெட்டியின் மேலே 'மேக்னெட்டிக் வயர்லெஸ் சார்ஜர்' என்று ஆங்கிலத்தில் மூன்று சொல். அதன் கீழே மலாயில் 'பெங்கச்சாஸ் தன்பா வாயர்'. மலாய்க்காரர்கள் சார்ஜை 'சாஸ்' ஆக்கி, முன்னொட்டு வைத்து, தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். நாம் மட்டும் இன்னும் 'சார்ஜ் போடு' என்று அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த மூன்று சொல்லையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் சார்ஜ். இதன் மூலம் மின்சாரம் அல்ல, வண்டி. லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து 'கர்ரிகாரே', வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சார்ஜ்' ஆனது. கார், கார்கோ எல்லாம் இதே குடும்பம். பாரம் என்ற பொருள் வைத்துத்தான் மற்றதெல்லாம் கிளைத்தது. புது மேனேஜர் 'சார்ஜ் எடுத்தார்' என்றால் பொறுப்பைச் சுமந்தார் என்று பொருள். நம் 'பொறுப்பு' என்ற சொல்லும் 'பொறு', அதாவது தாங்கு, என்பதிலிருந்து வந்ததுதானே. கிளினிக்கில் 'சார்ஜ் எவ்வளவு' என்று கேட்பது நம் தலையில் ஏறும் பாரம். துப்பாக்கியில் மருந்து திணிப்பதும் சார்ஜ். மின்சாரத்துக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடிச் சாடிகளை வரிசையாக இணைத்து, அந்த வரிசைக்குப் பீரங்கி அணியின் பெயரான 'பேட்டரி' என்பதையே வைத்தார். நம் சட்டைப் பையில் கிடக்கும் சாதுவான போனுக்குள் இத்தனை வெடிமருந்து வாசம்.

எனக்கு இந்த 'பாரம்' பொருள் அகராதி பார்க்காமலேயே தெரியும். நான் பிறந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஜெனரேட்டர் ராத்திரியில் சில மணி நேரம்தான் ஓடும். மற்ற நேரத்தில் தொலைக்காட்சி பார்க்க வேண்டுமென்றால் கார் பேட்டரிதான். படம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கோடாக நின்றுவிட்டால் அப்பா மறுநாள் அதைச் சைக்கிள் கேரியரில் வைத்து, பழைய டயர் டியூப்பால் இறுக்கிக் கட்டி, செம்மண் சாலையில் பட்டணத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஏறி மிதிக்க மாட்டார், உள்ளே இருக்கும் அமிலம் தளும்பும் என்று. அவருடைய காக்கிக் கால்சட்டையில் அமிலம் பட்டுப் பொத்தலான இரண்டு இடங்கள் கடைசிவரை இருந்தன. 'சார்ஜ் போடப் போறேன்' என்று அவர் சொன்னபோது அது உண்மையிலேயே வண்டியில் பாரம் ஏற்றிய வேலை.

அதனால்தான் தமிழில் 'மின்னேற்றம்' என்ற சொல்லை நான் விரும்புகிறேன். லாரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறோம், விளக்கும் ஏற்றுகிறோம். பாரமும் ஒளியும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லுக்குக்கூட இந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. 'மின்னூட்டம்' என்றும் எழுதுகிறார்கள். ஊட்டுதல் அழகான வினைதான். ஆனால் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் மின்னூட்டம் என்பது துகளின் பண்பு. எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம் என்று படிப்பார்கள். எலக்ட்ரானுக்கும் போனுக்கும் ஒரே சொல் வேண்டாம். போனுக்கு மின்னேற்றம், கருவிக்கு மின்னேற்றி. போதும்.

வயர்லெஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பியில்லாத் தந்தி காலத்திலிருந்தே 'கம்பியில்லா' நம்மிடம் இருக்கிறது. ஒரே சங்கடம், இந்தக் கம்பியில்லா மின்னேற்றியின் பின்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு கம்பி சுவர்வரை போகிறது. போனுக்கும் வட்டுக்கும் நடுவே இருக்கும் கடைசிச் சில மில்லிமீட்டருக்குத்தான் கம்பி இல்லை.

இனி காந்தம். வடமொழியில் 'அயஸ்காந்தம்', இரும்பின் காதலன். 'அயஸ்' இரும்பு, 'காந்த' விருப்பத்துக்குரியது. தமிழில் இரும்பு கழன்று காதல் மட்டும் நின்றுவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 5ஆம் சூத்திரத்தில் 'காந்தம் கண்ட பசாசத்து' என்கிறார். பசாசம் என்றால் இரும்பு. காந்தம் கிட்டே இருந்தால் போதும், இரும்பு அசையும். அருளின் முன் உயிரும் அப்படி என்பது அவர் சொல்ல வந்தது. மலாயில் காந்தத்துக்குப் பழைய பெயர் 'பெசி பெரானி', துணிச்சலான இரும்பு. வடமொழிக்காரருக்குக் காதல், மலாய்க்காரருக்கு வீரம். அகமும் புறமும்போல் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

'காந்து' என்று நம்மிடம் ஒரு வினையும் இருக்கிறது. அடுப்பில் மறந்துவிட்ட சோறு அடிபிடித்துக் காந்திப்போகும். ஒலி ஒற்றுமையை வைத்து நான் வேர் கட்டப் போவதில்லை. ஆனால் இந்தச் சார்ஜரில் வைத்த போன் கையில் சுடும்போது இரண்டு சொல்லும் ஒன்றாக நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

பெயரில் இருக்கும் குழப்பமும் இந்தக் காந்தத்தில்தான். காந்தம்தான் மின்சாரத்தைப் போனுக்குள் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த வேலையைச் செய்வது மின்காந்தத் தூண்டல், 1831இல் மைக்கேல் பாரடே கண்டது. வட்டுக்குள் ஒரு செம்புக் கம்பிச்சுருள், போனின் முதுகுக்குள் ஒன்று. கீழ்ச்சுருளில் நொடிக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடும்போது, தொடாமலேயே மேல்சுருளில் மின்னோட்டம் கிளம்பும். 'தூண்டல்' என்று இதற்குப் பெயர் வைத்தவர் யாரோ, திரி தூண்டிப் பழகியவராக இருக்க வேண்டும்.

வளையமாகப் பதித்திருக்கும் நிலைக்காந்தங்களின் வேலை வேறு. பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிடியின் அருமை காந்தமில்லாத பழைய தட்டை மின்னேற்றிப் பலகை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். நான் ஒன்று வைத்திருந்தேன். ராத்திரி அதன்மேல் போனை வைத்துவிட்டுப் படுத்தேன். எப்போதோ செய்தி வந்து போன் அதிர்ந்து, நகர்ந்து, சுருளும் சுருளும் விலகிவிட்டன. விடிகாலை 5 மணிக்கு அலாரம் அடிக்கவில்லை. போன் செத்துக் கிடந்தது. காந்தம் இருந்திருந்தால் சுருள் சுருளுக்கு நேராகவே இருந்திருக்கும். ஆப்பிள் 2020இல் ஐபோன் 12உடன் 'மேக்சேஃப்' என்று கொண்டுவந்தது இதைத்தான். அந்தப் பெயர் 2006இலேயே அவர்களின் மடிக்கணினிக் கம்பிக்கு இருந்தது. கால் தடுக்கினால் கணினியோடு விழாமல் கம்பி மட்டும் கழன்றுகொள்ளும். 'சேஃப்' வந்தது அதனால். பிறகு 2023இல் அதே காந்த வளையம் எல்லா நிறுவனத்துக்குமான 'சீ2' என்ற கம்பியில்லா மின்னேற்றப் பொது முறையில் சேர்ந்தது. பெட்டியில் ஆங்கிலத்தில் 'Qi' என்று இருப்பதைப் பார்த்து நம்மவர்கள் 'கீ', 'கியூஐ' என்றெல்லாம் படிக்கிறார்கள். தவ்கே சிரிப்பார். அது அவர் மொழிச் சொல்: 'சீ', உயிர்மூச்சு, உள்ளோடும் ஆற்றல்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கம்பி மலிவு, வேகம் அதிகம், சூடும் குறைவு. அவசரமாகக் கிளம்பும் முன் அரை மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் கம்பியே நல்லது. ஆனால் மழையில் நனைந்து, மண் புகுந்து போனின் வாய் தளர்ந்துவிட்டவர்களுக்கும், கண்ணாடி போடாமல் அந்தச் சின்ன ஓட்டையைத் தேட முடியாத என் அம்மா மாதிரி ஆட்களுக்கும் இது வரம். போனிலோ உறையிலோ காந்த வளையம் இல்லையென்றால் ஒட்டாது. தடித்த உறை, பின்பக்கம் செருகிய வங்கி அட்டை, உலோக மோதிரம் எதுவும் நடுவில் ஆகாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதை 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும், மின்னேறிக்கொண்டிருக்கும்போது 30க்கு மேல், என்று ஆப்பிளே சொல்கிறது. சட்டைப் பையில் போன் வைக்கும் தாத்தாக்கள் நம் ஊரில் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, பெயர். 'காந்த மின்னேற்றி' என்றால் காந்தம்தான் ஏற்றுகிறது என்று தவறாகத் தோன்றும். 'கம்பியில்லாக் காந்தப்பிடித் தூண்டல் மின்னேற்றி' என்றால் எல்லாம் சரி, கடையில் கேட்டு முடிப்பதற்குள் கடை சாத்திவிடுவார்கள். அந்த அம்மா சொன்னதே எனக்குப் பிடித்திருக்கிறது. நமக்கு ஒட்டுக்கடை இருக்கிறது, ஒட்டுக்கன்று இருக்கிறது. காந்தம் என்ன வேலை செய்கிறதோ அதை மட்டும் சொல்கிற சொல் 'ஒட்டு'. ஆகவே ஒட்டு மின்னேற்றி. ஒட்டுப்போட்ட சட்டை நினைவுக்கு வந்து மதிப்புக் குறைகிறதே என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். இருக்கட்டும். வினைச்சொல்லும் இலவசமாகக் கிடைக்கிறது: போனை ஒட்டி வை.

கடையில் அந்த அம்மா காசு கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வட்டு இருந்தது, கம்பி இருந்தது, சுவரில் செருகும் மூன்று கால் தலை இல்லை.

"கட்டை எங்க தவ்கே?"

"அது தனிக் காசு."