ஜார்ஜ் டவுனில் வழிகாட்டி இல்லாமல் நடப்பவர்களுக்கு

பினாங்கு ஜார்ஜ் டவுனைத் தாங்களாகவே நடந்து பார்க்க வருகிறவர்கள் தூரத்தால் களைப்பது அரிது. நேரம் தப்புவதுதான் அவர்களைப் படுத்துகிறது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, கடல்மேல் கால்நட்டு நிற்கும் குடியிருப்பான சியூ ஜெட்டி வரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். நின்று பார்த்தால் மூன்றரை மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்கே கிளம்பிவிடுங்கள். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகல் மழையும் சேர்ந்துகொள்ளும்.

1818ஆம் ஆண்டுத் தேவாலயத்திலிருந்து ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் வழியே தெற்கே செல்லுங்கள். பழைய பெயர் பிட் ஸ்திரீட். முதலில் வருவது சீனர்கள் வணங்கும் கருணைத் தெய்வமான குவான் இன் கோயில். ஊதுபத்திப் புகை அடர்த்தியாக இருக்கும்; ஆஸ்துமா உள்ளவர்கள் வெளிமுற்றத்தோடு நின்றுகொள்வது நல்லது. சீன மாதத்தின் 1, 15ஆம் நாள்களில் கூட்டம் மிகுதி.

அடுத்து, இணையாக ஓடும் குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். சுற்றிலும் தமிழ்க் கடைகள் என்பதால் காலைச் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐந்து நிமிடமாவது இங்கே நில்லுங்கள். தமிழகக் கரைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவை வேறெந்தக் கட்டடமும் இவ்வளவு நேரடியாகச் சொல்வதில்லை.

1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியதுதான். தொழுகை நேரத்திலும் வெள்ளி நண்பகலிலும் பார்வையாளர்கள் போகக்கூடாது. கை, கால், பெண்களுக்குத் தலை மறைந்திருக்க வேண்டும். இன்னொன்று: 'கெலிங்' என்ற சொல் பள்ளிவாசலின் வரலாற்றுப் பெயரில் நிலைத்திருக்கிறது. ஆனால் இன்று மலேசியாவில் இந்தியரை அப்படி அழைப்பது கடும் இழிவு. விளையாட்டாகக்கூட அந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 2012இல் வரைந்த சைக்கிள் சிறுவர் சுவரோவியத்துக்கு வரிசை நீளும். வரிசையில் நிற்கிறவர்கள் சாலைக்கே வந்துவிடுவதால் வாகனத்தைக் கவனியுங்கள். நேரம் குறைவென்றால் ஓவியத்தை விட்டுவிட்டுக் கூ கொங்சிக்குப் போகலாம். 1901இல் எரிந்து 1906இல் மீண்டும் எழுந்த, கூ என்ற சீனக் குலத்தாரின் மன்றம் அது. கூரை முகட்டுச் சிற்பங்களுக்கே அரை மணி நேரம் வேண்டும். நுழைவுக் கட்டணம் உண்டு.

தெருப்பெயர்கள்தான் அதிகம் குழப்பும். கைபேசி வரைபடம் மலாய்ப் பெயரைக் காட்டும். ஊர்க்காரர்கள் ஆங்கிலப் பெயரைச் சொல்வார்கள். 'லெபு' தெரு, 'லோரோங்' சந்து. 'காட்' என்றால் கடலை நோக்கி இறங்கும் தெரு. நம் படித்துறையைக் குறிக்கும் அதே 'காட்'தான். லெபு சூலியா வேறு, காட் லெபு சூலியா வேறு. கடற்பக்கம் உள்ளதுதான் இரண்டாவது.

நிழலுக்காக அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதையில், நடப்பீர்கள். கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். நடுவே படியும் ஓரத்தில் திறந்த சாக்கடையும் இருக்கும். தடுக்கி விழுவது பெரும்பாலும் மேலே பார்த்துக்கொண்டே நடப்பதால்தான். நின்று பாருங்கள், பிறகு நடங்கள். மோட்டார் சைக்கிள் வழியை அடைத்திருந்தால் சாலையில் இறங்குமுன் வலப்பக்கம் பாருங்கள். ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், ஒரு துப்பட்டா, எளிதில் கழற்றும் செருப்பு போதும்.

சியூ ஜெட்டியில் மக்கள் குடியிருக்கிறார்கள். திறந்த கதவு வரவேற்பு அல்ல, காற்றுக்காகத் திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். பலகைப் பாதையின் ஓரத்தில் கைப்பிடி இல்லாத இடங்களில் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.