ஸ்கீமாவுக்குத் 'திட்டம்' பொருந்தாது

கோத்தகிரி பக்கம் ஒரு பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையம். போன மழைக்காலத்தில் எடை போடும் தம்பி செல்பேசியை என்னிடம் நீட்டினார். திரையில் 'தரவு திட்டத்துடன் பொருந்தவில்லை' என்று இருந்தது. "அண்ணா, எந்தத் திட்டம்? மானியம் ஏதும் நின்னுபோச்சா?" என்று கேட்டார். பின்னால் இலைச் சாக்கோடு நின்றவர்களுக்கும் அதே கவலை. நடந்தது இவ்வளவுதான்: எடைக் கட்டத்தில் '42 கி' என்று எழுத்தும் சேர்ந்து விழுந்திருந்தது, அங்கே எண் மட்டும்தான் வரலாம்.

செயலியில் அந்தத் 'திட்டம்' நின்றது 'ஸ்கீமா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு. ஸ்கீமா கிரேக்கச் சொல்; வடிவம் என்று பொருள். 'ஸ்கீம்' என்பதற்கும் அதே வேர்தான். மொழிபெயர்த்தவர் அந்த உறவை நம்பித் 'திட்டம்' என்று போட்டுவிட்டார். நமக்கோ திட்டம் என்றால் இனி செய்யப்போவது: ஐந்தாண்டுத் திட்டம், குடிநீர்த் திட்டம். ஸ்கீமா என்பது ஆவணத்தில் எந்தக் கூறு இருக்க வேண்டும், எத்தனை முறை வரலாம், எது எண், எது தேதி என்று சொல்லும் விதிகள். செய்கிற வேலையைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால், மானியம் போய்விட்டதோ என்று மலைமேல் ஒருவர் பயப்படுகிறார்.

சிலர் 'வார்ப்புரு' என்கிறார்கள். நல்ல சொல்தான், அதனால்தான் அதோடு கூடுதலாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முதலில், தமிழ் விக்கிப்பீடியாவில் அது டெம்ப்ளேட்டுக்கு, அதாவது பல பக்கங்களில் எடுத்துப் போடும் ஆயத்த அச்சுக்கு, நிலைத்துவிட்டது. அப்புறம், வார்ப்பு என்றால் அச்சில் ஊற்றி எடுப்பது. ஊற்றியதெல்லாம் ஒன்றுபோல வரும். ஸ்கீமா எதையும் ஊற்றி எடுப்பதில்லை, வந்ததைச் சோதிக்கிறது. அதற்குப் பொருந்தும் இரண்டு இலைக் கொள்முதல் சிட்டைகள் ஒன்றுபோல இருக்க வேண்டியதுமில்லை. ஒரே சிட்டையை இரண்டு ஸ்கீமாக்களால்கூடச் சோதிக்கலாம். தோட்டத்தோரம் போடும் சிட்டையில் பெயர், ஊர், எடை இருந்தால் போதும். தொழிற்சாலைக்குப் போனதும் ஈரக் கழிவும் (ஈரத்துக்காகக் கழிக்கும் எடை) விலையும் கட்டாயம். ரிக் ஜெல்லிஃப் 1999இல் தொடங்கிய ஸ்கீமாட்ரான் என்ற ஸ்கீமா மொழியில் இப்படி வேலையின் படிநிலைக்குத் தகுந்த விதிகளை மட்டும் இயக்க வசதியே உண்டு. ஒரு பொருளை இரண்டு அச்சில் எப்படி வார்ப்பது?

என் சொல் இலக்கணம். ஆவண இலக்கணம், தரவு இலக்கணம். ஜேம்ஸ் கிளார்க்கும் முராட்டா மகோட்டோவும் 2001இல் உருவாக்கிய ரிலாக்ஸ் என்ஜி என்ற இன்னொரு ஸ்கீமா மொழியில் ஸ்கீமா வழக்கமாகத் தொடங்கும் குறியின் பெயரே 'கிராமர்'. இலக்கணம் வடசொல்லாயிற்றே என்று தூய்மை பார்ப்பவர்கள் கேட்பார்கள். நன்னூலில் பவணந்தியாருக்கு ஆகிவந்த சொல் நமக்கு ஆகாதா? அதோடு, அந்தச் சொல் தனியாக வராது, குடும்பத்தோடு வரும். பொருந்தினால் வழாநிலை, பொருந்தாவிட்டால் வழு. ஈரக் கழிவு எழுதாமல் வந்த சிட்டையைத் திருப்பி அனுப்பாமல் குறித்துவைத்து ஏற்றால் வழுவமைதி. விதியில் சொல்லாத கூறு வந்தாலும் தள்ளாதே என்று எழுதிவைத்தால் அது புறனடை. வீட்டுப் பசுவை "லட்சுமி வந்துட்டா" என்பதை வழுவமைதியாக ஏற்கும் மொழிக்கு இதெல்லாம் புதிதில்லை.

செயலி செய்தவர்களுக்கு எழுதிவிட்டேன். அந்த வரியை 'எடையில் வழு: எண் மட்டும் எழுதவும்' என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.