உறையாத எண்ணெய் சாக்கடையை எப்படி அடைக்கும்?

"நான் ஊத்தினது கடலை எண்ணெய். மெட்ராஸ் வெயில்ல அது என்னைக்காவது உறைஞ்சு பாத்திருக்கியா? அப்புறம் எப்படி குழாய் அடைக்கும்?" என்று வேளச்சேரியில் இருக்கும் அண்ணி கேட்டார். அவர்கள் அபார்ட்மென்டில் சேம்பர் (சாக்கடைக் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) அடைத்து, கீழ்வீட்டு பாத்ரூமில் கழிவு எதிர்த்து வந்து, அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் பழி முழுக்க பஜ்ஜி சுட்டவர்கள் மேல் விழுந்திருந்தது.

கேள்வி நியாயமானதுதான். 2017-ல் லண்டனில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறை சாக்கடையை அடைத்துக்கொண்டது, அதைக் குளிரின் தலையில் கட்டிவிடலாம். இங்கே மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்தாலே பெரிய விஷயம்.

ஆனால் சேம்பரிலிருந்து எடுத்துப்போட்டதைப் போய்ப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. சாம்பல் வெள்ளையில், ஈரச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி, நசுக்கினால் நறநறவென்று உதிர்கிறது. அது எண்ணெய் இல்லை, சோப்பு.

எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். பள்ளியில் படித்ததுதான். வாணலியில் வெங்காயத்தின் ஈரமும் சூடும் சேர்ந்து அந்த அமிலங்களில் கொஞ்சத்தைக் கழற்றிவிடும், மிச்சத்தைச் சாக்கடை பாக்டீரியா கழற்றும். அதனால் புது எண்ணெயைவிடப் பொரித்த எண்ணெய்தான் மோசம். கழன்ற அமிலம் தனியே திரியாது, துணை தேடும். சோடியம் கிடைத்தால் அதற்கு ஒரு கைதான், ஓர் அமிலத்தைப் பிடிக்கும், அதுதான் தண்ணீரில் கரையும் குளியல் சோப்பு. கால்சியத்துக்கு இரண்டு கை. ஆளுக்கொரு பக்கமாக இரண்டு அமிலங்களைப் பிடித்துக்கொண்டு, இனி எந்தத் தண்ணீரிலும் கரையமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும்.

இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உப்புப் போர் தண்ணீரில் குளித்தால் நுரையே வராமல் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகத் திரிதிரியாகப் படியுமே, அதே கால்சியம் சோப்புதான்! சாக்கடைக்குள் அந்தக் கால்சியம் போர் தண்ணீரிலிருந்தும் வரும், கான்கிரீட் குழாயிலிருந்தும் கரைந்து வரும். குழாயே தன்னை அடைக்கப் பொருள் கொடுக்கிறது என்பதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2011-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகள் கால்சியம் சோப்புதான் என்று காட்டினார்கள். நம்மூர் பாமாயிலையும் நம்மூர் போர் தண்ணீரையும் வைத்து இதையே அளக்க இங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தால் வீண் போகாது. சாக்கடை என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் நம் அறிவியல் கொள்கை போலிருக்கிறது.

வெந்நீர் விட்டால் சரியாகாதா? உங்கள் வீட்டுக் குழாயைத் தாண்டும், அவ்வளவுதான். அடுத்த சேம்பரில் அடைக்கும்.

பொதுச் சாக்கடையில் என்னென்ன விடக் கூடாது என்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் அட்டவணையே இருக்கிறது. எண்ணெய், கிரீஸுக்கு வரம்பு லிட்டருக்கு 20 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால் லிட்டர் எண்ணெய் சுமார் 230 கிராம், அதை அந்த வரம்புக்குள் கொண்டுவர 11,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு பெரிய தண்ணி லாரி! ஆலை, ஹோட்டல் மாதிரி இடங்களை மனதில் வைத்து எழுதிய விதி இது, வீட்டு சிங்க்கில் யாரும் மீட்டர் வைக்கப்போவதில்லை. ராத்திரி எச்சில் பாத்திரம் கிடந்தால் மூதேவி வருவாள் என்று கிளப்பிவிட்ட புண்ணியவான், எண்ணெய் ஊற்றினாலும் வருவாள் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அடைப்பை எடுக்கப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் தடுக்கிறது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும், வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் பிழைப்பது கஷ்டம். பிறகும் இறக்குகிறார்கள்.

அண்ணி இப்போது பொரித்த எண்ணெயைக் காலி பாட்டிலில் சேர்க்கிறார். வாணலியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறார். நெய் தோசைக் கல் மட்டும் இன்னும் நேராக சிங்க்குக்குத்தான் போகிறது.